புதுச் சத்திரமும் பழைய மாணாக்கரும்

பெயரிலே புதுமையும் வயதிலே முதுமையும் கொண்ட பொருள்கள் உலகிற் பல உள. தோண்டி மூன்று தலைமுறை கழிந்த பின்னரும் ‘புதுக் கிணறு’ என்றே வழங்கப்படும் கிணறுகள் எமது ஊர்களில் இல்லையா? இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலே குளொஸ்ரர் என்னும் நகரில் ‘நியூ இன்’ என்றொரு சத்திரக் கட்டடம் இருக்கின்றது. ‘புதுச் சத்திரம்’ என்பது அப்பெயரின் பொருள். அது எழுந்ததோ 1450ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில். கொலம்பஸ் மேற்குக் கடலைக் கடப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அதன் முற்றத்தில் குதிரைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

நாம் ஒரு கல்லூரியில் ஆங்கிலமும் வரலாறும் கற்பிப்பவர். சோசரின் ‘கன்ரபரிக் கதைகள்’ பற்றிச் சொல்ல நேரும்போதெல்லாம் யாத்திரிகர்கள் கூடிய சத்திரத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது எமது வழக்கம். வெள்ளைச் சுவர், அதன் குறுக்கும் நெடுக்குமாகக் கரிய மரச் சட்டங்கள், செங்குத்தான கூரை. பாடநூலிற் கண்ட படத்தை அப்படியே எழுதினோம். அச்சட்டங்கள் சுவருக்கு அழகுக்காக ஒட்டப்பட்டவை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். மாணாக்கர்க்கும் அவ்வாறே சொன்னோம். அது பிழை. அப்பிழையை எமக்குத் திருத்தியவர், நாம் ஒரு காலத்திற் ‘படிப்பு ஏறாதவன்’ என்று ஒதுக்கிய மாணாக்கர் ஒருவர். அந்த வரலாற்றையே இங்கே எழுதப் புகுந்தோம்.

2018ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எமது தமக்கையாரின் மகளுடைய திருமணத்துக்காக இலண்டன் மாநகருக்குச் சென்றிருந்தோம். திருமணம் முடிந்து மூன்றாம் நாள் தொலைபேசி ஒலித்தது. “சேர், நான் உங்களிடம் படித்தவன்” என்று தொடங்கிய குரல் தன் பெயரைச் சொன்னது. பெயர் நினைவுக்கு வரவில்லை. “கடைசி வாங்கில் இருந்து மேசையில் கீறிக்கொண்டிருப்பேனே, அவன்தான்” என்றார். உடனே நினைவுக்கு வந்துவிட்டது. நினைவுக்கு வராதிருந்தால் நன்றாயிருக்கும் என்றும் ஒரு கணம் தோன்றியது.

2003ஆம் ஆண்டு. நாம் கற்பிக்கத் தொடங்கிய புதிது. இளமையின் முறுக்கும் பட்டத்தின் பெருமையும் எம்மை விட்டு நீங்காத காலம். அந்தப் பையன் கவராயத்தின் முனையால் மேசைப் பலகையில் வட்டங்களும் கோடுகளும் கீறிக்கொண்டேயிருப்பான். ஒருநாள் எழுந்து நின்று பாடத்தை வாசிக்கச் சொன்னோம். வாசிக்க முடியாமல் நின்றான். நாம் ஔவையாரின் மூதுரையை எடுத்தோம். காட்டில் நிற்பவை மாத்திரமே மரங்கள் அல்ல, அவையிலே படிக்கத் தெரியாது நிற்பவனும் மரமே என்னும் கருத்துடைய பாட்டு அது. பாட்டைச் சொல்லி, “இதோ நிற்கிறது மரம்” என்று விரலால் காட்டினோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அதன்பின் அவனுக்கு அதுவே பெயராயிற்று. க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கு அவன் தோற்றவில்லை. எங்கே போனான் என்று நாமும் விசாரிக்கவில்லை.

அந்த ‘மரம்’ இப்போது இங்கிலாந்திலே தச்சர். பழைய மரக்கட்டடங்களைப் பழுதுபார்க்கும் குழுவொன்றில் வேலை. “சேர் சத்திரத்தின் படம் கீறிக் காட்டுவீர்கள். அந்தச் சத்திரம் மாதிரி ஒன்று இங்கே இருக்கிறது. வருகிறீர்களா?” என்று கேட்டார். மறுக்க வாய் எழவில்லை.

இலண்டனிலிருந்து புகையிரதத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பிரயாணம். குளொஸ்ரர் உரோமர் காலத்து நகரம். வடவாயில், தென்வாயில், கீழைவாயில், மேலைவாயில் என்று நான்கு திசைப் பெயர்களைக் கொண்ட நான்கு வீதிகள் நகர நடுவிலே சந்திக்கின்றன. வடவாயில் வீதியிற் சிறிது தூரம் நடந்தால் கடைகளுக்கிடையே ஒரு நுழைவழி. குதிரைகள் புகுவதற்காக விடப்பட்ட வழி அது. அதனுள் நுழைந்ததும் வீதியின் ஆரவாரம் பின்னே நின்றுவிட்டது. முன்னே ஒரு முற்றம். நாற்புறமும் மரத்தால் எழுந்த கட்டடம். மேல்தளத்தைச் சுற்றி மரத்தூண்களுக்கிடையே ஓடும் திறந்த நடை. அந்நடையிலிருந்து அறைகளுக்குச் செல்லும் வாயில்கள். முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, நாற்சார் வீட்டில் பிறந்து வளர்ந்த எமக்கு அன்னிய தேசத்தில் நிற்கிறோம் என்ற உணர்ச்சியே சற்று நேரம் இல்லாமற் போயிற்று.

இச்சத்திரம் எழுந்த காரணம் ஓர் அரசனின் மரணத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இரண்டாம் எட்வேட் மன்னன் அரசிழந்து, 1327ஆம் ஆண்டில் அருகேயுள்ள பேர்க்கிலிக் கோட்டையிற் சிறையிருக்கையில் இறந்தான். கொல்லப்பட்டான் என்பதே பரவலான நம்பிக்கை. அவனுடைய உடல் குளொஸ்ரரில் இருந்த புனித பேதுரு மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. உயிரோடிருந்தபோது மதிக்கப்படாத அரசனின் சமாதியைக் காண யாத்திரிகர் வரலாயினர். வந்தோருக்குத் தங்க இடம் வேண்டுமல்லவா? ஜோன் ருவைனிங் என்னும் துறவியின் முயற்சியால் மடாலயம் இச்சத்திரத்தை எடுப்பித்தது என்பர். யாத்திரிகர் மாத்திரமன்றி வணிகரும் வழிப்போக்கரும் இங்கே தங்கினர். எமது நாட்டு மடங்களைப்போல் இது தருமத்துக்கு விட்டதன்று. தங்கினவர் காசு கொடுத்தே தங்கினர். 1540ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் மடாலயம் கலைக்கப்பட்டது. அதன் கோயில் அடுத்த ஆண்டில் பேராலயமாயிற்று. துறவிகள் போய்விட்டனர், அவர்கள் எழுப்பிய சத்திரம் நின்றது. 1553ஆம் ஆண்டில் ஒன்பது நாள் மாத்திரம் அரசியாயிருந்த ஜேன் கிரே சீமாட்டி இங்கிருந்தே அரசியாக அறிவிக்கப்பட்டாள் என்று ஊரார் ஒரு கதையும் சொல்லுவர்.

“சேர், சுவரைப் பாருங்கள்” என்றார் எமது மாணாக்கர். “இதில் எது வீட்டைத் தாங்குகிறது?” சுவர்தான் என்றோம். அவர் சிரிக்கவில்லை. “சுவரை முழுவதும் பிரித்து எடுத்தாலும் இந்தக் கட்டடம் நிற்கும். இந்தச் சட்டங்கள்தான் எலும்பு. வெள்ளையாகத் தெரிவது வெறும் தோல்” என்றார்.

பின்னர் பொறுமையாக விளக்கினார். முதலிலே கல்லால் ஒரு தாழ்ந்த அடித்தளம். மரம் ஈர மண்ணைத் தொடாதிருக்க அது வேண்டும். அதன்மேற் படுக்கையாக ஓர் உத்தரம். அவ்வுத்தரத்தில் ஊன்றிய தூண்கள். தூண்களின் தலைகளை இணைத்துச் செல்லும் மேல்வளை. அதன்மீது கூரையின் கைமரங்கள். நான்கு சட்டங்களாலான சதுரத்தைப் பக்கத்திலிருந்து தள்ளினால் அது சரிந்துவிடும், மூலைக்குக் குறுக்கே ஒரு சட்டத்தைச் சாய்த்துப் பொருத்தினால் முக்கோணம் உண்டாகும், முக்கோணம் சரியாது. புயலை எதிர்த்து வீட்டை நிறுத்துவன அந்தச் சாய்வுச் சட்டங்களே. கேத்திரகணிதத்தில் ‘முக்கோணம்’ என்ற தலைப்பைக் கேட்டாலே அஞ்சியவர் என்று நாம் எண்ணியிருந்த பையன், அந்த முற்றத்தில் நின்று எமக்கு முக்கோணத்தின் வலிமையைக் கற்பித்தார்.

இக்கட்டடங்களுக்கு உகந்தது ஓக்கு மரம். வெட்டி உலர்ந்த ஓக்கு இரும்புபோல் இறுகி உளியை மழுக்கும். ஆதலால் பச்சையாக இருக்கும்போதே கோடாலியாலும் வாளாலும் சதுரித்து வேலை செய்தனர். ஒரு மரத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்கி, மற்றொன்றில் அதற்கேற்ற துளை பொளிந்து, நாக்கைத் துளையிற் செருகி, இரண்டையும் ஊடுருவி ஓர் ஓக்கு முளையை அடித்து இறுக்குவார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. நாக்கிலுள்ள முளைத்துளையைச் சற்றே விலக்கித் துளைப்பர். முளையை அடிக்க அடிக்க அது வளைந்து சென்று இரு மரங்களையும் ஒன்றோடொன்று இழுத்து நெருக்கும். கட்டடம் எழுந்த பின்னர் மரம் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து சுருங்கும். சிறிது முறுகும், வளையும். பொருத்துகள் விட்டுப்போகா. பழைய மரவீடுகள் கூனற் கிழவரைப்போல் ஒருபுறம் சாய்ந்து நிற்பதும், சாய்ந்தும் விழாதிருப்பதும் இதனாலேயே. இரும்பாணி ஏன் அடிக்கவில்லை என்று கேட்டோம். ஓக்கு மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்பை அரித்துவிடும் என்றார்.

வெளியே வந்து சந்து திரும்பும் மூலையைக் காட்டினார். அங்கே மூலைத்தூணிலே தேவதூதன் ஒருவனின் உருவம் செதுக்கப்பட்டிருந்தது. இத்தகைய கட்டடங்களில் மேல்தளம் கீழ்த்தளத்தைவிட முன்னே நீண்டு வீதியின்மீது கவிந்து நிற்பதைப் பலவிடங்களிற் காணலாம். தளத்தின் குறுக்குமரங்களைச் சுவருக்கு வெளியே நீட்டி, அவற்றின் நுனியில் மேற்சுவரை ஏற்றிவிடுவர். மேலே இடம் பெருகும். கீழ்ச்சுவர் மழையில் நனையாது. வீட்டுக்காரனின் செல்வமும் வீதிக்குத் தெரியும். ஒரு பக்கம் நீட்டுவது எளிது. மூலையில் இரு பக்கமும் நீட்ட வேண்டுமானால் மூலைவிட்டமாக ஒரு பருத்த உத்தரத்தைப் போட்டு, இரு திசைக் குறுக்குமரங்களையும் அதிற் கொண்டுவந்து பொருத்த வேண்டும். அந்த உத்தரத்தின் பாரம் முழுவதும் மூலைத்தூணின் தலையில் இறங்கும். ஆகவே அத்தூணுக்கு அடிமரத்தையே தேர்ந்து, வேர்ப்பக்கம் மேலாக வருமாறு தலைகீழாக நிறுத்துவதுண்டு. வேரை நோக்கி மரம் இயல்பாகவே விரிந்து பருப்பதால் தாங்குவதற்கு வேண்டிய அகலம் அங்கே கிடைத்துவிடுகின்றது. காட்டில் நின்ற மரத்தைப் பார்க்கும்போதே, இதன் எந்தப் பகுதி எந்த வேலைக்கு ஆகும் என்று தச்சன் கண்டுகொள்வான். வளைந்த கிளை சாய்வுச் சட்டத்துக்கு ஆகும். நேரியது தூணுக்கு ஆகும். கோணியது என்று ஒரு மரத்தையும் அவன் தள்ளுவதில்லை. இதைச் சொல்லியபோது எமது மாணாக்கர் எம்மைக் குத்திக்காட்டும் எண்ணத்தோடு சொன்னாரல்லர். எனினும் எமக்குத் தைத்தது.

முற்றத்தைச் சூழ்ந்த மேல்நடைகளுக்கு வேறொரு பெருமையும் உண்டு. 16ஆம் நூற்றாண்டிலே இலண்டனில் நாடகக் குழுவினர் சத்திர முற்றங்களில் ஆடினர். முற்றத்தில் நின்று பார்ப்பவர் ஒரு கூட்டம். மேல்நடைகளிலிருந்து பார்ப்பவர் மற்றொரு கூட்டம். 1576ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பேர்பேஜ் என்பவர் இலண்டனின் வெளிப்புறத்தே நாடகத்துக்கென்றே ஒரு மரக்கொட்டகை கட்டினார். நடுவே முற்றமும் சுற்றிலும் அடுக்கு நடைகளும் கொண்ட அமைப்பே அதிலும் அமைந்தது. பேர்பேஜ் தொடக்கத்தில் தச்சுத்தொழில் பயின்றவர். பின்னர் நிலச்சொந்தக்காரரோடு பிணக்கு ஏற்பட்டது. 1598ஆம் ஆண்டு மார்கழிக் குளிரில் பேர்பேஜின் மைந்தர்கள் பீற்றர் ஸ்றீற் என்னும் தச்சரை அழைத்துச் சென்று, கொட்டகையின் சட்டங்களைப் பிரித்து எடுத்துக்கொண்டனர். மறு ஆண்டில் தேம்ஸ் நதியின் தென்கரையில் அம்மரங்களைக்கொண்டு எழுந்ததே சேக்ஸ்பியரின் நாடகங்களால் உலகறிந்த ‘குளோப்’ அரங்கு. இந்த வரலாற்றை நாம் பலமுறை கற்பித்திருக்கிறோம். ஒரு பெரிய அரங்கை எப்படிப் பிரித்து மறுகரையில் எழுப்பினார்கள் என்று ஒருபோதும் நாம் எண்ணிப் பார்த்ததில்லை. முளையைத் தட்டி எடுத்தால் மரம் கழன்றுவிடும் என்பதை அறிந்த பின்னரே அது விளங்கிற்று.

எமது கரும்பலகைப் படத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. கரிய மரமும் வெள்ளைச் சுவருமே பழைய ஆங்கிலக் கட்டடத்தின் இயற்கை நிறம் என்று கருதியிருந்தோம். ஓக்கு வெயிலிலும் மழையிலும் நின்று வெள்ளி பூத்த சாம்பல் நிறமாகும். பலவிடங்களில் அதனை அப்படியே விட்டனர். அல்லது சுவரையும் மரத்தையும் சேர்த்தே சுண்ணாம்பு பூசினர். மரத்தைக் கறுப்பாகத் தீட்டும் வழக்கம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டிலே, விக்ரோறியா மகாராணியார் காலத்திற் பரவிய நாகரிகம். பழைமை என்று நாம் நம்பியது பழைமையைப் பற்றிய ஒரு பிற்காலத்துக் கற்பனையே. வரலாறு கற்பிப்பவர்க்கு இது ஒரு நல்ல எச்சரிக்கை.

மறுநாள் தாம் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பழைய வீட்டுக்கு எம்மை அழைத்துச் சென்றார். நகருக்கு வெளியே ஒரு கிராமம். சுவரின் ஒரு பகுதி பிரிக்கப்பட்டிருந்தது. சட்டங்களுக்கிடையே ஓக்குச் சிம்புகளை நிறுத்தி, ஹேசல் என்னும் செடியின் வளார்களைப் பின்னி, அதன்மேல் களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பியிருந்தார்கள். எமது நாட்டு வரிச்சு வீடே அது! ஏழைக் குடிசையின் சுவர் என்று நாம் எண்ணியது அங்கே ஒரு பெருவீட்டினுள்ளே பல நூற்றாண்டுகளாக நின்றிருக்கிறது.

அச்சுவரின் கீழ்ப்பகுதியில் முந்திய தலைமுறையில் யாரோ நல்லெண்ணத்தோடு சீமெந்து பூசியிருந்தனர். அதனைப் பெயர்த்தபோது உள்ளேயிருந்த தூணின் அடி கையால் அள்ளுமளவுக்கு உக்கியிருந்ததாம். களிமண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை உள்வாங்கி மீண்டும் வெளியே விட்டுவிடும். சீமெந்து சிறு வெடிப்புகளின் வழியே ஈரத்தை உள்ளே புகவிட்டு, வெளியேற வழியின்றி அடைத்துவிடும். ஈர ஓக்கிலே ஒருவகை வண்டு குடியேறும். அது தன் துணையை அழைக்க மரத்தில் தலையை மோதி ‘டக் டக்’ என்று ஒலி எழுப்பும். நோயாளியின் அருகே இரவில் விழித்திருந்தவர்கள் அவ்வொலியைக் கேட்டு, மரணம் வந்து காத்திருக்கிறது என்று அஞ்சினர். அதனால் ‘சாக்காவல் வண்டு’ என்னும் பொருள்பட அதற்கு ஆங்கிலத்திற் பெயர் வந்தது. கெட்டியாகப் பூசிவிட்டால் காப்பாற்றிவிட்டோம் என்று எண்ணுகிறோம். உள்ளே நிகழ்வது வேறாக இருக்கின்றது.

அத்தூணை அவர்கள் முழுவதுமாக மாற்றவில்லை. உக்கிய அடியை மாத்திரம் அறுத்தெடுத்து, அதே அளவுக்குப் புதிய ஓக்குத் துண்டு ஒன்றைப் படிப்படியாக வெட்டி, பழைய மரத்தோடு கைகோத்தாற்போற் பொருத்தியிருந்தனர். பழையது சாம்பல் நிறம்; புதியது தேன் நிறம். “நிறம் பூசி மறைக்கலாமே?” என்றோம். “மறைக்கமாட்டோம், சேர். எது பழையது, எது நாங்கள் வைத்தது என்று பின்னால் வருபவனுக்குத் தெரிய வேண்டும்” என்றார். வில்லியம் மொரிஸ் என்னும் கவிஞரும் கைவினைஞருமான பெரியார் தம் நண்பரோடு 1877ஆம் ஆண்டில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தை நிறுவினார். பழைய கட்டடத்தைப் புதுக்கிப் பொய்யான பழைமை தராதே, அவ்வப்போது பழுது பார் என்பதே அச்சங்கத்தின் கொள்கை. அக்கொள்கை எழுந்த காலத்திலேதான் இலண்டனில் எத்தனையோ சத்திரங்கள் அழிந்துகொண்டிருந்தன. புகையிரதம் வந்தபின் குதிரை வண்டிப் பயணம் ஓய்ந்தது; சத்திரங்களுக்குப் பிழைப்பில்லை. சோசரின் யாத்திரிகர் கூடிய ‘ரபாட்’ சத்திரம் இருந்த இடத்தில், 1676ஆம் ஆண்டுத் தீயின் பின் மீளக் கட்டப்பட்ட சத்திரமும் 1870களில் இடிக்கப்பட்டது. அதே தீயின் பின் எழுந்த அயற் சத்திரமாகிய ‘ஜோர்ஜ்’, 1889இல் இரு பக்கங்களை இழந்து, ஒரு பக்கத்தோடு தப்பியது. இலண்டனில் மேல்நடையோடு எஞ்சிய ஒரே சத்திரம் அதுதான். 1937ஆம் ஆண்டு முதல் அது தேசிய நம்பிக்கை நிதியத்தின் காவலில் இருக்கின்றது.

மாலையில் அவர் எம்மை ஏணி வழியே மேல்தளத்துக்கு ஏற்றி, கைவிளக்கைப் பிடித்து ஓர் உத்தரத்தைக் காட்டினார். மரத்திலே கூரிய கருவியாற் கீறிய கோடுகள். உரோம எண்கள் அவை. சட்டங்கள் யாவும் முதலில் தச்சரின் முற்றத்திலே நிலத்திற் கிடத்திப் பொருத்திப் பார்க்கப்படும். பின்னர் பிரித்து வண்டியிலேற்றிக் கட்டும் இடத்துக்குக் கொண்டுபோவர். எந்த நாக்கு எந்தத் துளைக்குரியது என்று மயங்காதிருக்க, சேரவேண்டிய இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறி வைப்பர். அருகில் கவராயத்தாற் கீறிய வட்டமும், அதனுள் ஆறு இதழ்ப் பூப்போன்ற கோலமும் இருந்தன. பழைய கட்டடங்களிற் பலவிடத்தும் காணப்படும் கோலம் அது.

அந்தக் கோலத்தை நாம் முன்னரே கண்டிருக்கிறோம். எமது கல்லூரியின் கடைசி வாங்கு மேசையில்.

நெடுநேரம் பேசாதிருந்தோம். பின்பு, “தம்பி, அன்றைக்கு வகுப்பிலே நாம் சொன்னது தவறு” என்றோம். பதினைந்து ஆண்டுகள் பிந்திய சொல். அவர் விளக்கை அணைத்துவிட்டுச் சிறிது யோசித்தார். “சேர் வேண்டுமென்று சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். சோதனைக்கு நான் வராததற்கு வீட்டு நிலைமையும் காரணம். நீங்கள் மாத்திரம் காரணம் இல்லை” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனால் நீங்களும் ஒரு காரணம்” என்றார்.

கோபமில்லாமற் சொன்னார். மரத்தின் நீளத்தை அளந்து சொல்வதுபோற் சொன்னார். எம்மால் மறுமொழி கூற இயலவில்லை. அந்தச் சொல்லை அவர் எமக்காக மழுப்பியிருக்கலாம். மழுப்பாததே எம்மை மதித்ததற்கு அடையாளம் என்று இன்று எண்ணுகிறோம். இறங்கி வரும்போது ஏணியின் அடியில் நின்று எமது கையைப் பிடித்து இறக்கினார். புறப்படும் வேளையில் ஓக்கு முளை ஒன்றை எமது கையில் வைத்தார். எம் சுண்டுவிரலினும் சற்றுப் பருமன். ஒரு முனை ஒடுங்கியிருந்தது.

திரும்பி வரும் புகையிரதத்திலே மூதுரைப் பாட்டை மனத்துள் முழுவதுமாகச் சொல்லிப் பார்த்தோம். அன்று வகுப்பில் அதன் இறுதிப் பகுதிக்குப் பொருள் சொல்லாமல் விட்டுவிட்டோம். படிக்கமாட்டாதவனை மாத்திரம் ஔவையார் மரம் என்றாரல்லர். பிறருடைய குறிப்பை அறியமாட்டாதவனையும் மரம் என்றார். ஒரு பையன் ஆண்டு முழுவதும் எமது கண்முன்னே தன் குறிப்பை மேசையிற் கீறிக்கொண்டிருந்தான். அதனை அறியமாட்டாது நின்றவர் யார்?

இப்பொழுதும் நாம் சத்திரத்தைக் கரும்பலகையில் வரைகின்றோம். முதலில் சட்டங்களை எழுதி, சாய்வுச் சட்டத்தை ஏன் வைக்கிறோம் என்று மாணாக்கரையே கேட்கின்றோம். சுவரைப் பின்னர்தான் நிரப்புகின்றோம். ஓக்கு முளை எமது மேசைமீது கிடக்கின்றது. இது என்ன சேர் என்று யாராவது கேட்டால் இந்த வரலாற்றைச் சொல்லுகின்றோம்; எமது பிழையையும் விடாமற் சொல்லுகின்றோம். கடைசி வாங்கில் எவனாவது மேசையிற் கீறுவதைக் கண்டால், கல்லூரிப் பொருளைக் கெடுக்காதே என்று கண்டிக்கத்தான் செய்கின்றோம். ஆனால் என்ன கீறியிருக்கிறான் என்று குனிந்து பார்த்த பின்னரே கண்டிக்கின்றோம்.